பதினேழாவது வீட்டுக் கதவு

ஒரு தடவை வேண்டாம் என்று சொன்னால் வேண்டாம் என்றா அர்த்தம்? ரொக்கமாராவில் பிறந்து வளர்ந்த யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அங்கே பக்கத்து வீட்டில் காபி கொடுத்தால் முதலில் வேண்டாம் என்பார்கள். இரண்டாம் தடவை, இப்போதுதான் குடித்தேன் என்பார்கள். மூன்றாம் தடவை கையை நீட்டுவார்கள். மூன்று தடவை கேட்காதவனுக்குக் கொடுக்க மனமில்லை என்று வைத்துக்கொள்வது அந்த ஊர் வழக்கம்.

அசுந்தா பத்தொன்பது வருடமாகக் கோட்டைச் சாவியை அப்படித்தான் வாங்கிக்கொண்டிருந்தாள். ஊரின் காவல் தூதரான மிக்கேல் சம்மனசு திருநாளுக்கு மூன்று வாரம் இருக்கும்போது திருநாள் குழுத் தலைவரான கிழட்டு டாக்டர் வீடு தேடி வருவார். இந்த வருடமும் ஊர்வலச் சுற்றுக்கு முன்னால் நடக்க வேண்டும் என்பார். எனக்கெதற்கு, வேறு யாரையாவது பாருங்கள் என்று இவள் பிகு செய்வாள். அவர் கெஞ்சுவார். இவள் முழங்கால் வலி என்பாள். அவர் மூன்றாவது முறையும் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு ஒரு கோப்பை ஒயினுக்கு உட்கார்ந்துவிடுவார்.

டாக்டர் போன குளிர்காலத்தில் இறந்துபோனார். அவர் இடத்துக்கு வந்தவன் மருந்துக்கடை கொராதோ. முப்பத்து நாலு வயது. மிலானில் படித்தவன், எப்போதும் அவசரத்தில் இருப்பவன். வாசலில் நின்றபடியே கேட்டான். இவள் வழக்கம்போல, "எனக்கு எதுக்குப்பா, வேற யாராவது போகட்டுமே" என்றாள். அவன் முகம் மலர்ந்துவிட்டது. "நானும் அதான் நெனச்சேன் அத்தை. மாமாவுக்கு வேற உடம்பு சரியில்ல. நீங்க ஓய்வா இருங்க" என்று சொல்லிப் போயே போய்விட்டான். அசுந்தா கையில் காபிப் பாத்திரத்தோடு, மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டாவது தடவை கேட்கத் திரும்பி வருவான் என்று சாயங்காலம் வரை நம்பினாள்.

சாயங்காலம் செய்திதான் வந்தது. சாவி லீஸ்பெத்துக்கு. ஒல்லாந்துக்காரி. பதினாறாவது வீட்டை வாங்கி வந்து மூன்று வருடம்கூட முழுதாக ஆகவில்லை. கொராதோ கேட்ட மாத்திரத்தில் "சரி" என்று சொன்னாளாம். ஒரே வார்த்தை. வெட்கம் இல்லை, பிகு இல்லை, முழங்கால் வலி இல்லை.

அசுந்தாவுக்கு வயிறு பற்றி எரிந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அன்று ராத்திரி வைத்த சூப்பில் உப்பை இரண்டு முறை போட்டாள். உப்பே கூடாத இருதய நோயாளியான அவள் புருஷன் எவாரிஸ்தோ அதை ஒரு சொட்டு விடாமல் குடித்து, மூன்று வாரத்தில் இப்போதுதான் வாய்க்கு ருசியாக இருக்கிறது என்றார்.

அந்தச் சாவி எதையும் திறக்காது. கோட்டை வாசலுக்குப் பூட்டே இல்லாமல் போய் எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. முழங்கை நீளம், துருவேறிய இரும்பு, அவ்வளவுதான். ஆனால் திருநாளன்று அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடக்கிற முக்கால் மணி நேரம் அசுந்தா, கொத்தனார் பெண்டாட்டி அல்ல. சுற்றுலாக்காரர்களுக்குச் சிவப்புக் குடை பிடித்து வழி காட்டுகிறவளும் அல்ல. ஊரே அவளுக்குப் பின்னால் நடக்கும். அவள் நின்றால் நிற்கும்.

ஊரைச் சுற்றி வளைத்து நிற்கிற மதிலோடு முதுகு ஒட்டியபடி முப்பத்தொரு வீடுகள் இருக்கின்றன. அந்த வீடுகளின் பரண்கள்தான் அந்தக் காலத்தில் காவல்காரர்கள் நடந்த பாதை. ஒரு பரணுக்கும் அடுத்த பரணுக்கும் நடுவே ஒரு குட்டைக் கதவு. வருடம் முழுதும் அந்தக் கதவுகளுக்குப் பின்னால் வெங்காயமும் பழைய கட்டிலும் கிடக்கும். திருநாளன்று மட்டும் எல்லாம் திறக்கும். முன்னால் போகிறவர் சாவியால் மூன்று முறை தட்டி, காவல் வருகிறது, வீட்டில் எல்லாரும் நலமா என்று கேட்க வேண்டும். வீட்டுக்காரர் உள்ளிருந்து, எல்லாரும் நலம், உள்ளே வாருங்கள் என்று சொல்லித் தாழ்ப்பாளை எடுக்க வேண்டும். மதில் வீடு எதுவும் அன்றைக்கு ஆளில்லாமல் இருக்கக் கூடாது. கதவு திறக்கவில்லை, பதிலும் வரவில்லை என்றால் அது சாவு வீடு. தொப்பியைக் கழற்றிவிட்டு எல்லாரும் வந்த வழியே திரும்பிவிடுவார்கள். அப்படி முறிந்த சுற்றுக்கு முன்னால் போனவர் ஆயுசுக்கும் சாவியைத் தொடக் கூடாது.

ஈஸ்டர் தொடங்கி அக்டோபர் வரை தினம் இரண்டு தடவை அசுந்தா இதைச் சுற்றுலாக்காரர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லிச் சொல்லி அது வாயிலேயே தங்கிவிட்டது. உள்ளே இறங்கவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

திருநாளுக்கு ஒரு வாரம் முன்பு கொராதோ மறுபடி வந்தான். அசுந்தாவின் நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. அவன் கேட்டது வேறு. லீஸ்பெத்துக்கு ஊரையும் மதிலையும் ஒரு தடவை சுற்றிக் காட்ட வேண்டுமாம், அத்தையைவிட்டால் யார் இருக்கிறார்கள் என்றான். வேண்டாம் என்று சொல்லிப் பார்க்கிற தைரியம் அவளுக்கு இப்போது இல்லை. சரி என்றாள்.

லீஸ்பெத் அவள் ஊரில் கடல் தடுப்புச் சுவர் கட்டுகிற பொறியாளராக இருந்தவள். ஐம்பத்தேழு வயது. வாசற்படி எல்லாவற்றிலும் தலையை இடித்துக்கொள்கிற உயரம். காலை எட்டு மணிக்குக் கோட்டை வாசலில் நோட்டுப் புத்தகமும் அளவு நாடாவுமாகத் தயாராக நின்றாள். அசுந்தா சிவப்புக் குடையை எடுத்துக்கொண்டே வந்திருந்தாள். மேகமே இல்லாத நாள் அது.

வாசல் வளைவுக்கு மேலே இருக்கும் ஓட்டைகளைக் குடையால் காட்டி, எதிரி தலையில் இது வழியாகத்தான் கொதிக்கும் எண்ணெயை ஊற்றினார்கள் என்றாள் அசுந்தா. அந்தக் காலத்தில் எண்ணெய் அவ்வளவு மலிவா என்று லீஸ்பெத் உண்மையான அக்கறையோடு கேட்டாள். எண்ணெய் இல்லையென்றால் வெந்நீர் என்று அசுந்தா வேகமாக நடந்தாள். தோளுரசிச் சந்தில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். அங்கே குதிரைக்காரனை மேலிருந்து கல்லைப் போட்டுக் கொல்வார்கள் என்ற கதையை வழக்கத்தைவிட ரத்தம் கூட்டிச் சொன்னாள். கழுதை திரும்பும் முக்கில், ஏழு மாத முற்றுகையின்போது பெண்கள் கடைசிப் பன்றியைக் கடைசிக் கோதுமையால் கொழுக்கவைத்து மதிலுக்கு வெளியே தூக்கி எறிந்தார்கள், இவ்வளவு சாப்பாடு உள்ளே இருக்கிறதா என்று பயந்து எதிரி ஓடிவிட்டான் என்றாள். பன்றிக் கதைக்குச் சிரிக்காத சுற்றுலாக்காரர் இதுவரை பிறக்கவில்லை. லீஸ்பெத் சிரித்தாள். சிரித்துவிட்டு, அது எந்த வருடம் என்று கேட்டாள்.

அது எந்த வருடமும் இல்லை என்று அசுந்தாவுக்குத் தெரியும். பொல்லாத வருடம் என்று வாய்க்குள் முனகினாள்.

அதைவிடப் பெரிய எரிச்சல் வழியெங்கும் காத்திருந்தது. ஊர்க்காரர்கள் லீஸ்பெத்தைப் பார்த்துக் கையசைத்தார்கள். ரொட்டி அடுப்புக்காரர் கடையிலிருந்து வெளியே வந்து, போன வாரம் பேச்சை விட்ட இடத்திலிருந்து அவளோடு தொடர்ந்தார். அவர் வீட்டு நிலவறை மதிலுக்கு அடியில் எவ்வளவு தூரம் போகிறது என்பது பற்றியாம். அசுந்தா அவர் கடையில் நாற்பது வருடமாக ரொட்டி வாங்குகிறாள். நிலவறை இருப்பதே அவளுக்குத் தெரியாது.

வடக்குக் கொத்தளத்தில் ஏறினார்கள். அங்கே அம்பு எய்கிற துளைகள் ஆறு. அசுந்தா குடையை ஊன்றி, வில்லாளி எப்படி நிற்பான் என்று செய்து காட்டத் தொடங்கினாள். லீஸ்பெத் நாலாவது துளைக்குப் பக்கத்தில் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"சிஞோரா, நீங்க இதைக் காட்டுவீங்கன்னு நெனச்சேன்" என்றாள், கல்லைத் தடவியபடி. "எல்லாருக்கும் காட்டறதில்லையா? சொந்த விஷயம், இல்ல?"

அசுந்தா குனிந்தாள். முழங்கால் உயரத்தில், உள்பக்கம் திரும்பியிருந்த கல்லில் ஓர் எழுத்து. அசுந்தாவின் முதல் எழுத்து. ஆழமாக, அழகாக, உளி பிடிக்கத் தெரிந்த கை செதுக்கியது. கீழே ஒரு வருடம் போட்டிருந்தது. அவர்கள் கல்யாணத்துக்கு முந்திய வருடம். நிலநடுக்கத்தில் சரிந்த கொத்தளத்தை எவாரிஸ்தோவும் அவர் அப்பாவும் எடுத்துக் கட்டிய வருடம்.

முதலில் அவள் விரல் அந்த எழுத்தின்மேல் போயிற்று. ஒரு மூச்சு நேரம்தான். அடுத்த மூச்சில், இது இவளுக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி வந்துவிட்டது. அது வந்த பிறகு மனதில் வேறு எதற்கும் இடமில்லை.

"தெரியுமே" என்றாள் அசுந்தா. "நான்தான் செதுக்கச் சொன்னேன்."

வீட்டுக்கு வந்ததும் குடையை மூலையில் எறிந்தாள். எவாரிஸ்தோ படியேறக் கூடாது என்று டாக்டர்கள் சொன்னதால் சமையலறையிலேயே கட்டில் போட்டிருந்தது. அவள் காலையில் சுற்றுலாக்காரர்களோடு கிளம்பிப் போனபின் லீஸ்பெத் வந்து அவருக்குத் துணையாக உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரிந்ததுதான். நல்லதாகப் போயிற்று என்று தானே சொன்னதும் நினைவிருந்தது. அந்த ஒல்லாந்துக்காரியிடம் எதைச் சொன்னாய், எதைச் சொல்லவில்லை என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவர் மறைக்கவில்லை. கல்லைப் பற்றிக் கேட்டாள், சொன்னேன் என்றார்.

"எனக்கு ஏன் சொல்லல? முப்பத்தெட்டு வருஷம்."

"நீயா கண்டுபிடிப்பேன்னுதான் வெச்சேன். தினம் ரெண்டு தடவ ஊரையே அங்க கூட்டிட்டுப் போற. ஒரு நாளாவது குனிஞ்சு பாப்பேன்னு பாத்தேன்." அவர் மூச்சு வாங்கினார். "நீ சொல்லிக்கிட்டே போவ அசுந்தா. அவ கேக்கறா. அவ்வளவுதான் வித்தியாசம்."

இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம். நோயாளிக்கு நாக்கு மட்டும் நன்றாகவே வேலை செய்தது. சாவியும் போய், புருஷன் செதுக்கிய எழுத்தையும் இன்னொருத்தி காட்டித் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்றே என்று அசுந்தா அன்றெல்லாம் பாத்திரங்களோடு சண்டை போட்டாள். பத்தொன்பது வருடம் நடந்தாளே, இனிமேல் வருடா வருடம் அந்த நெட்டைச்சி நடப்பாள். அவள் நன்றாகவும் நடப்பாள், அதுதான் தாங்கவில்லை. அவள் சாகிற வரைக்கும் அவளையே கேட்பார்கள், அவளும் ஒவ்வொரு தடவையும் ஒரே வார்த்தையில் சரி என்பாள்.

சுற்று ஒரு தடவை முறிந்தால் போதும்.

அந்த நினைப்பு திருநாளன்று காலையில், பூசைக்குப் போய் முழந்தாளிட்டு இருக்கும்போது வந்தது. மிக்கேல் சம்மனசு பீடத்தின் மேலிருந்து வாளும் தராசுமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அசுந்தா அவரைப் பார்க்காமல் யோசித்தாள். கதவு ஒன்று திறக்காமல் போனால் சுற்று முறியும். முறிந்தால் லீஸ்பெத் இனிச் சாவியைத் தொட முடியாது. தாழ்ப்பாள் துருப்பிடித்துவிட்டது, இழுத்து இழுத்துப் பார்த்தேன், வரவில்லை என்று சொன்னால் யார் என்ன செய்ய முடியும்? கணக்கு அவளுக்குச் சரியாக இருந்தது. கதவு எதற்காகச் சாத்தியிருக்கும் என்று ஊர் நினைக்கும் என்பது அந்தக் கணக்கில் வரவே இல்லை. பொறாமைப்படுகிறவர்களுக்குப் பாதி வழிதான் தெரியும்.

நாலு மணிக்குச் சுற்று கிளம்பியது. வாசலில் மேளமும் ஆரவாரமும் கேட்டன. அசுந்தா புது உடுப்பைப் போட்டுக்கொண்டு, பரணில் போய் நிற்கிறேன் என்று எவாரிஸ்தோவிடம் சொன்னாள். முகத்தையும் மாற்றிக்கொண்டு போ என்றார் அவர்.

பரணில் வெயில் ஓட்டு இடுக்கு வழியாக விழுந்தது. பெருக்கி, வெங்காயத்தை ஓரம் தள்ளி, எல்லாம் முறைப்படிதான் செய்திருந்தாள். பிறகு அந்தக் குட்டைக் கதவின் தாழ்ப்பாளைத் தள்ளினாள். வருடா வருடம் எவாரிஸ்தோ எண்ணெய் போட்டு வைத்த தாழ்ப்பாள் அது. போய்ப் பொருந்தும்போது இரும்பு ஒரே ஒரு தடவை சத்தம் போட்டது.

காலடிகள் நெருங்கின. பதினைந்தாவது வீட்டில் சிரிப்பு. பதினாறாவது வீட்டில் லீஸ்பெத்துக்காக நின்ற அடுப்புக்காரர் மகன் பதில் சொன்னான். தன் சொந்தப் பரணிலேயே லீஸ்பெத் எதிலோ தலையை இடித்துக்கொண்டாள். யாரோ கேலி செய்தார்கள். பிறகு கதவில் சாவி மூன்று முறை தட்டியது.

"காவல் வருது. வீட்டுல எல்லாரும் நலமா?" லீஸ்பெத்தின் குரல். ஒவ்வொரு எழுத்தையும் அழுத்திச் சொன்னாள். எத்தனை தடவை சொல்லிப் பழகினாளோ.

அசுந்தா கதவுக்கு ஒரு சாண் தள்ளி நின்றாள். வாயைத் திறக்கவில்லை.

அந்தப் பக்கம் சலசலப்பு அடங்கியது. லீஸ்பெத் இன்னொரு தடவை தட்டப் போனாள் போலிருக்கிறது. கொராதோவின் குரல், வேண்டாம், போதும் என்று தாழ்வாகத் தடுத்தது. யாரோ ஒரு பெண், ஐயோ என்றாள். அதன்பின் நூற்றுச் சொச்சம் பேர் குனிந்து குனிந்து திரும்பிப் போகிற காலடி மட்டும் கேட்டது.

அசுந்தாவுக்குக் குளுகுளுவென்று இருந்தது. மூன்று வாரமாக எரிந்த இடத்தில் தண்ணீர் ஊற்றினாற்போல இருந்தது. அங்கேயே நின்று, அவர்கள் ஒவ்வொரு பரணாகப் பின்வாங்குவதைக் கேட்டு ரசித்தாள்.

அப்போது கோயில் மணி அடித்தது.

திருநாள் மணி அல்ல. ஒன்று அடித்து, அது ஓய்ந்து, மறுபடி ஒன்று. கொராதோ கையில்தான் எப்போதும் போன் இருக்குமே. மணி அடிக்கிற கோயில் பிள்ளையைக் கூப்பிட்டுச் சொல்ல அவனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ரொக்கமாராவில் பெண் இறந்தால் ஏழு அடி, ஆண் இறந்தால் ஒன்பது. அசுந்தா பரண் படியின் உச்சியில் நின்று எண்ணினாள். ஏழில் நின்றுவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். எட்டு அடித்தது. ஒன்பதும் அடித்தது.

கீழே கட்டிலில் எவாரிஸ்தோவும் எண்ணிக்கொண்டிருந்தார். "அசுந்தா, ஆம்பிளைச் சாவு" என்று கூப்பிட்டார். "யாரா இருக்கும்? பழைய தபால்காரரா? நேத்துதான் கூடை நிறைய காளான் பறிச்சுட்டுப் போனாரே. அவருக்கு என்ன?"

அவள் இறங்கி வந்தாள். அவர் இன்னும் இரண்டு பேரைச் சொல்லிப் பார்த்தார். இருவரும் அவரைவிடத் திடமானவர்கள். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். மேலே பரணைப் பார்த்தார். கொஞ்சம் முன்னால் அந்த இரும்புச் சத்தம் அவருக்கும் கேட்டிருந்தது.

"எனக்கா?" என்றார்.

அதற்குள் வாசலில் கால்கள் திமுதிமுவென்று வந்துவிட்டன. முதலில் வந்தவள் லீஸ்பெத். கையில் சாவி, நெற்றியில் வீக்கம், கன்னமெல்லாம் கண்ணீர். அசுந்தாவை இழுத்து அணைத்துக்கொண்டாள். அசுந்தாவின் முகம் அவள் நெஞ்சு உயரத்துக்குத்தான் வந்தது. மூச்சு முட்டியது. பின்னால் பக்கத்து வீட்டுப் பியெரீனா, சாவு வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று, தன் விருந்து மேசையிலிருந்து முழு வாத்து வறுவலைத் தட்டோடு தூக்கி வந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் ரொட்டி, பாலாடைக்கட்டி, ஆப்பிள் கேக். திருநாள் என்பதால் எல்லார் வீட்டிலும் சமையல் தயாராக இருந்தது. இவ்வளவு சீக்கிரமாகவும் இவ்வளவு ருசியாகவும் அந்த ஊரில் யாருக்கும் துக்கம் விசாரித்ததில்லை.

"உள்ள வாங்க" என்றது ஒரு குரல். "யார் யார் அழறீங்கன்னு நானும் பாக்கறேன்."

எவாரிஸ்தோ தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பியெரீனா சிலுவை போட்டுக்கொள்ளக் கையைத் தூக்கப்போய் வாத்தைக் கைவிட்டிருப்பாள், கொராதோ பிடித்துக்கொண்டான். பிறகு சிரிப்பு வந்தது. அழுதவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள். ஆளுக்கு ஆள் அவர் கையைத் தொட்டுப் பார்த்தார்கள். அவர் அதற்கெல்லாம் அசராமல் வாத்தை எங்கே வைக்கிறார்கள் என்று கவனித்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் கொராதோ கேட்டான், கதவு ஏன் திறக்கவில்லை என்று. எல்லாரும் அசுந்தா பக்கம் திரும்பினார்கள்.

"தாழ்ப்பாள் துருப்பிடிச்சுப் போச்சு" என்றாள். "இழுத்து இழுத்துப் பாத்தேன்."

பதில் ஏன் சொல்லவில்லை என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். எவாரிஸ்தோ எண்ணெய் போட்டு வைத்த தாழ்ப்பாள் துருப்பிடித்தது என்பதை அங்கே ஒருவரும் நம்பியிருக்க முடியாது. எல்லார் கண்களும் கட்டிலுக்குப் போயின. அவர் அவசரப்படவில்லை.

"ஆறு வாரமா நான் படுத்துக் கிடக்கேன்" என்றார். "யாரு எண்ணெய் போட்டிருப்பா?"

அவ்வளவோடு விட்டார்கள். திருநாளன்று யாருக்குச் சண்டை வேண்டும்? ஆனால் பியெரீனா வாத்துத் தட்டைத் திருப்பி எடுத்துக்கொள்வதா, விட்டுப்போவதா என்று யோசிப்பது தெரிந்தது.

சுற்றைப் பாதியில் விட்டால் ஊருக்கு நல்லதல்ல. கோட்டை வாசலிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும் என்றான் கொராதோ. முறிந்த சுற்றுக்கு முன்னால் போனவள் சாவியைத் தொடக் கூடாது என்பது முறை. அவன் வருத்தத்தோடு லீஸ்பெத்தைப் பார்த்தான். பிறகு வேறு வழி தெரியாமல், "அத்தை, நீங்க" என்று தொடங்கினான்.

"சரி" என்றாள் அசுந்தா. அவன் முடிக்கக்கூட இல்லை.

லீஸ்பெத் சாவியை இரண்டு கையாலும் நீட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் மறந்திருந்தாள். கொடுக்கும்போது மற்றவர்களுக்குக் கேட்காமல் பேசினாள்.

"கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சு விடறது எனக்குக் கேட்டுச்சு சிஞோரா. நீங்க அழறீங்கன்னு நெனச்சேன். அதான் ஓடி வந்தேன்."

அசுந்தா சாவியை வாங்கிக்கொண்டாள். அது முன்னைப்போலத்தான் கனத்தது. ஊரார் கோட்டை வாசலுக்கு இறங்கத் தொடங்கினார்கள். அப்போதுதான் பியெரீனா கேட்டாள், அசுந்தா முன்னால் போனால் பதினேழாவது வீட்டில் யார் நிற்பது, வீட்டுக்காரர்தான் படியேறக் கூடாதே என்று. பத்தொன்பது வருடமும் அசுந்தா நடந்தபோது உள்ளே நின்று பதில் சொன்னவர் எவாரிஸ்தோ. அவள் அதைப் பற்றி ஒரு நாளும் யோசித்ததில்லை.

"நான் இருக்கேனே" என்றாள் லீஸ்பெத். "எனக்குத்தான் இப்ப வேலை இல்ல."

அசுந்தா வேண்டாம் என்றாள். பியெரீனாவே இருக்கட்டும் என்றாள். பியெரீனாவுக்குத் தன் வீட்டுக் கதவு இருந்தது. எல்லாருக்கும் அவரவர் கதவு இருந்தது. எவாரிஸ்தோ போர்வையை விலக்கிக்கொண்டு, அவளே நிற்கட்டும், ஒல்லாந்துக்காரியிடம் தாழ்ப்பாளைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது என்றார்.

சுற்று மறுபடி கிளம்பியது. சாவி தோளில் இருந்தது. பின்னால் ஊர் இருந்தது. மேளம் அடித்தார்கள், கை தட்டினார்கள், ஆனால் போன வருடத்தைவிடக் குறைவாகத்தான் தட்டினார்கள் என்று அவளுக்குப் பட்டது. ஒவ்வொரு கதவாகத் தட்டினாள், கேட்டாள், திறந்தார்கள், குனிந்து கடந்தாள். எந்த வீட்டில் யார் நின்றார்கள் என்று அவள் கண் பார்க்கவில்லை. பதினேழாவது வீட்டில் இந்நேரம் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்பதிலேயே மனம் கிடந்தது. அந்தக் கல்லைப் பற்றிச் சொன்னவர் இன்னும் எதை எதைச் சொல்வாரோ.

பதினாறாவது வீட்டுப் பரணுக்கு வந்தாள். லீஸ்பெத்தின் பரண் சுத்தமாக இருந்தது. வெங்காயம்கூட இல்லை. எதிரே அவளுடைய சொந்தக் கதவு. இந்தப் பக்கத்திலிருந்து அதை இவ்வளவு நேரம் நின்று பார்த்ததில்லை.

சாவியால் மூன்று முறை தட்டினாள். "காவல் வருது. வீட்டுல எல்லாரும் நலமா?"

பதில் வரவில்லை.

அசுந்தா கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் படியேறியிருப்பார். ஏறக் கூடாது என்று சொல்லியும் ஏறியிருப்பார், பிடிவாதக்காரர். பதினாலு படி. பாதியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இவள் இங்கே இரும்பைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். கதவை உதைத்துத் திறந்துவிடலாமா என்றுகூட நினைத்தாள். வேறெதுவும் வேண்டாம், அவர் குரல் வந்தால் போதும் என்று இருந்தது.

"எல்லாரும் நலம்" என்றது உள்ளிருந்து. லீஸ்பெத்தின் குரல், இரைக்க இரைக்க. "உள்ள வாங்க."

தாழ்ப்பாள் சத்தமில்லாமல் விலகியது. அசுந்தா குனிந்து தன் வீட்டுக்குள் நுழைந்தாள். லீஸ்பெத் வீட்டுக்காரி நிற்க வேண்டிய இடத்தில், முறைப்படி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில், பழைய பெட்டிமேல் எவாரிஸ்தோ உட்கார்ந்திருந்தார். வியர்த்திருந்தார். உதட்டோரம் வாத்துக் கொழுப்பு மினுங்கியது. ஆறு வாரத்தில் அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவை அவள் பார்க்கவில்லை.

நின்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும் போலிருந்தது. எப்படி ஏறினாய், யாரைப் பிடித்துக்கொண்டு ஏறினாய், வலிக்கிறதா. முன்னால் போகிறவர் நடுவில் நிற்கக் கூடாது. பின்னால் ஊரே குனிந்து நுழைந்துகொண்டிருந்தது. அவர் மற்ற வீட்டுக்காரர்கள் செய்வதுபோலத் தொப்பியைத் தொட்டு அவளுக்கு மரியாதை செய்தார். அவளும் தலையசைத்துவிட்டு நடந்தாள்.

பதினெட்டாவது வீட்டுக் கதவின் முன்னால் போய் நின்று சாவியைத் தூக்கினாள். பின்னால், அவளுடைய பரணில், எவாரிஸ்தோ தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். லீஸ்பெத் சிரித்தாள். அவரும் சேர்ந்து சிரித்தார். என்ன சொன்னார் என்று அசுந்தாவுக்குக் கேட்கவில்லை. கதவைத் தட்டினாள்.